பத்துக்குப் பத்து

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவோ, எங்கள் கட்டடத்தில் அவன் பெயர் பத்து. லிஃப்ட் கம்பெனி மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோனால் வருவான். மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குள் புகுந்து எதையோ தட்டுவான். லிஃப்ட் முனகிக்கொண்டே ஓட ஆரம்பிக்கும். போகும்போது தலையைச் சொறிந்தபடி ஒரே ஒரு விண்ணப்பம் வைப்பான்.

"ஆபீஸ்ல இருந்து போன் வரும்கா. பத்துக்கு எத்தனை போடலாம்னு கேப்பாங்க. பத்துன்னு சொல்லிடுங்க. ஒன்பதுன்னு சொன்னாகூட என் சம்பளத்துல கை வெச்சிடுவாங்க."

கட்டடத்தில் யாருக்கும் அவன்மேல் கோபம் கிடையாது. கூப்பிட்டால் வருகிறான், சிரித்த முகம், பிள்ளைகுட்டிக்காரன். கம்பெனியின் புகார் எண்ணுக்கு அடித்தால் பாட்டுப் போட்டே கொன்றுவிடுவார்கள் என்பதால் எல்லோரும் நேராக அவன் செல்லுக்கே அடிப்போம். லிஃப்ட் நிற்கும், அவன் வருவான், தட்டுவான், தலையைச் சொறிவான். இப்படியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் என்று எனக்கு ஏற்கெனவே பெயர். இருக்கட்டுமே. ஐந்தாவது மாடியில், இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட அப்பாவோடு, நின்று நின்று ஓடும் லிஃப்டை நம்பிக் குடித்தனம் நடத்திப் பார்த்தால் யாருக்கும் வரும். வீட்டில் நானும் அவரும் மட்டும். அவர் காலம் முழுக்க பஸ் ஓட்டியவர். ஆள் ஆஜானுபாகு, இப்போது சக்கர நாற்காலி. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கீழே இறங்கியாக வேண்டும். அதை நிறுத்தினால் ஒரு வாரம் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார்.

நான் வேலை செய்வது ஒரு செல்போன் கம்பெனியின் கடையில். எங்களை விட்டு வேறு கம்பெனிக்கு மாற வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசி, போகவிடாமல் பிடித்துவைக்கும் கவுண்டர் என்னுடையது. பேசி முடித்து எழும்போது அவர்கள் என் மேஜைமேல் இருக்கும் சின்னப் பெட்டியில் ஓர் எண்ணை அழுத்திவிட்டுப் போக வேண்டும். அது எனக்கு விழும் மார்க். அங்கே உட்கார்ந்து ஒன்று தெரிந்துகொண்டேன். மேஜையைத் தட்டிக் கத்துகிற ஆள் போகமாட்டார், அவருக்கு இன்னும் நம்மிடம் ஏதோ எதிர்பார்ப்பு இருக்கிறது. சிரித்துக்கொண்டே வந்து "ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான் மாத்துறேன்" என்கிறவர் போனது போனதுதான். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் விலை என்பார்கள். விலையாவது மண்ணாவது. உயிர் போகிற அவசரத்தில் அவர்கள் கத்தியபோது ஒருத்தரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். அன்றைக்கே மனசு போயிருக்கும், ஆள் வந்து சேரத்தான் நாளாகும்.

என் மனசு போன நாளைச் சொல்கிறேன்.

டயாலிசிஸ் முடிந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மூன்றாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கும் போனது. டயாலிசிஸ் முடிந்த உடம்பு பிழிந்துபோட்ட துணி மாதிரி இருக்கும், அதை உடனே படுக்கவைக்க வேண்டும். லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த எண்ணுக்கு அடித்தேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரு பெண் குழைந்தாள். அதற்கப்புறம் பாட்டு. பத்துவுக்கு அடித்தேன். ஊரின் மறுகோடியில் வேறு லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தான். "இதோ வந்துட்டேன்கா" என்றான். அவனுடைய 'இதோ' எனக்குத் தெரியும்.

இருட்டில் அப்பா வாந்தி எடுத்தார். சட்டையெல்லாம். "தண்ணி" என்றார், தண்ணீர் இல்லை. "காத்து வரலம்மா" என்றார். கதவைக் கையால் அடித்து அடித்து என் உள்ளங்கை வீங்கிவிட்டது. கடைசியில் மாடிக்காரர்கள் கம்பியை விட்டுக் கதவை நெம்பித் திறந்தார்கள். அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். படி முழுக்க ஆட்கள். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான், நான் அதைத் தட்டிவிட்டேன். அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. மயக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அது மயக்கம் இல்லை, அவமானம்.

அடுத்த முறை கிளம்ப வேண்டிய நாளில் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் வரல. இனிமே எறங்க மாட்டேன்."

"லிஃப்ட் ஓடுதுப்பா."

"ஓடும். அப்புறம் நிக்கும். அப்புறம் நாலு பேரு தூக்குவான். தூக்கிட்டுப் போறதா இருந்தா ஒரே தடவையா தூக்கிட்டுப் போங்க."

கெஞ்சினேன், கத்தினேன், அழுதேன். அசையவில்லை. ஒரு டயாலிசிஸ் தவறிப்போனது. மறுநாள் காலையில் கண்ணுக்குக் கீழே வீக்கம் கட்டியிருந்தது. நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளரை இழுத்துக்கொண்டு லிஃப்ட் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். செயலாளர் வீடு தரைத்தளத்தில். அவருக்கு லிஃப்ட் என்பது சந்தாவோடு சேர்ந்த ஒரு சொல், அவ்வளவுதான்.

ஏசி அறை. ஆபீசர் என் வயதுக்காரர், கழுத்தில் டை. நான் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அப்புறம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தார்.

"மேடம், உங்க பில்டிங்ல இருந்து இந்த வருஷம் ஒரு புகார்கூட பதிவாகலையே."

"வாராவாரம் நிக்குதுங்க!"

"சர்வீஸுக்கு எங்க ஆள் வந்தது இருக்கு. அதுக்கப்புறம் நாங்க பேசினதும் இருக்கு. எல்லாமே பத்துக்குப் பத்து. உண்மையச் சொல்லணும்னா, எங்க கஸ்டமர்லயே ரொம்ப திருப்தியா இருக்கறது நீங்கதான்."

"லிஃப்டை ஓட்டற கன்ட்ரோல் போர்டு பழசாயிடுச்சாமே, அதை மாத்திக் குடுங்க."

"புகார் அதிகமா இருக்கற பில்டிங்குக்குத்தான் மேடம் புது போர்டு அனுமதி ஆகும். பத்து வாங்கின லிஃப்டுக்கு எப்படிங்க கேக்க முடியும்?"

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. "எந்த மகராசன் பத்து போட்டது? காட்டுங்க" என்றேன். ஆபீசர் தயங்கவில்லை, பெருமையாகவே ஒலிப்பதிவைத் தட்டிவிட்டார். ஒரு பெண் கேட்கிறாள், எத்தனை மதிப்பெண் சார் என்று. பதில் வருகிறது, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, நிதானமாக:

"பத்து போடும்மா. பத்துக்கு மேல இருந்தா அதையும் போட்டுக்க."

என் அப்பாவின் குரல்.

செயலாளர் மெல்லச் செருமினார். "வீட்டுலயே இருக்கற ஆளாச்சேன்னு நான்தான் அவர் நம்பரைக் குடுத்து வெச்சேன்" என்றார். அடுத்த பதிவு. அதற்கு அடுத்தது. எல்லாம் அப்பா. லிஃப்டில் வாந்தி எடுத்த அன்றைக்குப் பதிவானதும் இருந்தது. குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருந்தது, ஆனால் பத்து என்று தெளிவாகச் சொன்னார்.

எனக்கு அந்த ஆபீசரை அறைய வேண்டும் போல இருந்தது. பத்துவை அறைய வேண்டும் போல இருந்தது. வீட்டில் வீங்கிய முகத்தோடு படுத்திருக்கும் மனிதரையும் அறைய வேண்டும் போல இருந்தது. ஒன்றும் செய்யாமல் எழுந்தேன்.

"நாங்க கம்பெனி மாத்தப் போறோம்" என்றேன்.

அப்போதுதான் ஆபீசர் முதல்முதலாக நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். "மேடம், மேடம், உக்காருங்க. என் பேர்லயே இப்பவே ஒரு புகார் போடறேன். நாளைக்கே ஆள் வருவான், நானும் வரேன்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"யாரைக் கேட்டுப் பத்து போட்ட?"

அவர் மறைக்கவில்லை. "அந்தப் பையன் கேட்டான். போட்டேன்."

"நீ இங்க செத்துட்டு இருக்க. அவன் சம்பளம்தான் உனக்குப் பெருசாப் போச்சா?"

"ஆமா" என்றார். "உனக்குத் தெரியாது. ஒரு ஆளு என்மேல எழுதிப் போட்டான், ஸ்டாப்புல வேணும்னே நிறுத்தலன்னு. பிரேக் பிடிச்சாத்தானே நிறுத்துறது? டிப்போல நான் தினம் தினம் சொல்லிட்டுத்தான் இருந்தேன். பிரேக்கை மாத்தாதவன் எவனும் வீட்டுக்குப் போகல. என்னைத்தான் சஸ்பெண்ட் பண்ணிச் சம்பளம் இல்லாம அனுப்பினாங்க. அப்ப உங்கம்மா உன்னைச் சுமந்துட்டு இருந்தா. அன்னைக்கு முடிவு பண்ணேன், வேலை செய்யற ஒருத்தன்மேலயும் என் வாயால ஒரு குறை சொல்லக் கூடாதுன்னு."

வேறு சமயமாக இருந்தால் மனசு இளகியிருக்கும். அன்றைக்கு இளகவில்லை.

"நீ சொன்னேல்லப்பா? பிரேக் சரியில்லன்னு டிப்போல தினமும் சொன்னேல்ல? இவன் சொன்னானா? எங்கயாவது ஒரு வார்த்தை சொன்னானா? அங்க ஒரு புகார்கூட இல்லப்பா. நீ வாந்தி எடுத்தது இல்ல, உன்னை நாற்காலியில தூக்கினது இல்ல. நாம திருப்தியா இருக்கோமாம்!"

அன்று முழுக்க இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் லிஃப்ட் மறுபடி நின்றிருந்தது, பத்து வந்து தட்டினான், ஓடியது. அந்த லிஃப்டிலேயே டை கட்டிய ஆபீசர் செயலாளரோடு ஜம்மென்று மேலே வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். பத்து வாசலோடு நின்றுகொண்டான், கையில் எண்ணெய்ப் பிசுக்கு.

"உங்களை மாதிரி நல்ல கஸ்டமரை இழக்க எங்களுக்கு மனசே இல்லை" என்று ஆபீசர் ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கவுண்டரில் நாள் முழுக்கச் சொல்வது இதே வாக்கியம்தான். அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். "உங்களுக்காக ஸ்பெஷலா ஒரு சலுகை" என்று அவர் சொல்வதற்கு முன்னால் என் உதடு அதைச் சொல்லிவிட்டது. செயலாளருக்கு மட்டும் சலுகை என்றதும் கண் பளிச்சென்றது.

அப்பா கட்டிலில் இருந்தபடி வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. போர்டு போயிடுச்சுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் ஐயா."

"மேல சொன்னியா?"

பத்து ஆபீசரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "சொன்னா, உனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியலன்னு என்மேலயே எழுதுவாங்க ஐயா. எந்த லிஃப்ட் நின்னாலும் என் கணக்குலதான் ஏறும். அதான் யாரையும் ஆபீசுக்கு அடிக்க விடாம என் நம்பரைக் குடுக்கறது. இப்ப உங்க போர்டுல ஓடறது பக்கத்துத் தெரு ஹாஸ்டல் லிஃப்ட்ல கழட்டின பழைய பார்ட்டு. அங்க போட்டிருக்கறது வேற ஒரு இடத்துல கழட்டினது."

"அடப்பாவி" என்றேன். ஆபீசர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் தலைமாட்டில் இருந்த போன் அடித்தது. பத்து தன் வேலை முடிந்ததாகக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டான் அல்லவா, உடனே மதிப்பெண் கேட்கிற போன். அப்பா எடுத்தார், எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், எங்க சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?"

"ரெண்டு நம்பர் சொல்றேன், எழுதிக்கம்மா. பையனுக்குப் பத்து. கம்பெனிக்கு முட்டை."

"சார், ஒரு நம்பர்தான் போட முடியும்."

"சரி, முட்டை போட்டா அது யார் தலையில விழும்?"

"மெக்கானிக்குக்குத்தான் சார்" என்றாள், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

"கம்பெனிக்குப் போய்ச் சேர ஏதாவது வழி இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க சார்."

அப்பா ஆபீசரைப் பார்த்தார். "நீ சொல்லு தம்பி. எத்தனை போடலாம்?" ஆபீசர் ஜன்னலைப் பார்த்தார். அப்பா பத்துவைப் பார்த்தார். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். கேட்கவில்லை. முதல் முறையாக அவன் பத்து கேட்கவில்லை.

"முட்டை போடும்மா" என்றார் அப்பா. காலமெல்லாம் கட்டிக் காத்த சபதம் அந்த ஒரு சொல்லில் போனது. எனக்கு வெற்றியாகவே இல்லை.

போனை வைத்துவிட்டு, "சட்டையை எடு, ஆஸ்பத்திரிக்கு நேரமாகுது" என்றார். "ஆள் கூப்பிடு, தூக்கட்டும்."

"லிஃப்ட்தான் ஓடுதே சார்" என்றார் ஆபீசர்.

"அதுல நீ போ."

நாற்காலியின் மூன்று காலைப் பக்கத்து வீட்டு ஆட்கள் பிடித்தார்கள். நாலாவது காலைப் பத்து வந்து பிடித்தான். கையை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அப்பா அவன் தோளில் கையை வைத்துக்கொண்டதால் சும்மா இருந்தேன். இந்தத் தடவை அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இறங்கினார். ஆபீசரும் எங்களுக்குப் பின்னால் படியில்தான் இறங்கினார்.

கம்பெனியை மாற்றிவிட்டோம். புது கம்பெனி புது போர்டு போட்டது. அப்பா இறங்குகிறார், ஏறுகிறார். மதிப்பெண் கேட்டு இவர்களும் போன் செய்கிறார்கள். அது வந்தால் அவர் ரிசீவரை எடுத்துக் கட்டில்மேல் போட்டுவிடுகிறார், அந்தப் பெண் தலையணையோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாள்.

போன மாதம் கடையில் என் கவுண்டருக்கு ஓர் ஆள் வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்தால் பத்து. கம்பெனிச் சட்டை இல்லை.

"வேலையை விட்டு எடுத்துட்டாங்கக்கா. உங்க பில்டிங் போனதுக்கு நான்தான் காரணம்னு எழுதிட்டாங்க. டை கட்டின அந்த சார் இப்ப புரமோஷன்ல பெரிய ஆபீஸ்ல இருக்காரு" என்றான். ஏதோ பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். அப்புறம் கேட்டான், "ஐயா எறங்குறாரா?"

"எறங்குறார்."

"அது போதும்கா."

வந்த வேலை வேறு கம்பெனிக்கு மாறுவது. அவன் தெருவில் எங்கள் சிக்னல் கிடைப்பதில்லை. இப்போது கிடைத்த இடத்தில் கூலி வேலை, யார் போனில் கூப்பிட்டாலும் அவனுக்கு வந்து சேர்வதில்லை, வேலை கைமாறிப் போகிறது. புகார் செய்து பார்த்திருக்கிறான். எங்கள் ஆள் ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிட்டு, வாடிக்கையாளர் எடுக்கவில்லை என்று புகாரை முடித்திருக்கிறான். சிக்னல் இல்லை என்று புகார் சொன்னவனைச் செல்லிலேயே கூப்பிட்டிருக்கிறார்கள்! 'உங்களை இழக்க மனசே இல்லை' என்று நான் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிக்கவில்லை. பேசாமல் மாற்றிக் கொடுத்தேன்.

எழுந்தவன் மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தான், விரலை நீட்டினான்.

"உள்ளதைப் போடு" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. "எங்க சர்வீஸ் நாறுது. உள்ளதைப் போடு."

அவன் குனிந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், பின்பக்கம்கூடப் பார்த்தான். "கம்பெனிக்குன்னு தனியா பட்டன் இல்லக்கா. உங்களுக்குத்தான் விழும்" என்றான். பத்தை அழுத்திவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான்.

பெட்டியில் ஒரு சிரிக்கிற முகம் வந்து கண் சிமிட்டியது. வயரைப் பிடித்து இழுத்தேன். பெட்டியைத் தூக்கி மேஜை இழுப்பறைக்குள் எறிந்து சாத்தினேன். அந்தச் சத்தத்துக்கு மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு, பெட்டி எங்க?"

"ரிப்பேர் சார்."

"புகார் குடுத்தாச்சா?"

"குடுக்கல சார். அதை மாட்டின பையன் சம்பளத்துலதான் கை வெப்பீங்க."

அவருக்குப் புரியவில்லை. வரிசையில் அடுத்து நின்றவர் சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். "ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான் மாத்துறேன்" என்றார்.

"பொய் சொல்லாதீங்க" என்றேன். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க."